குரோமைட் பிரிப்பில் கோளாறா? அறிகுறியை வைத்து இடத்தைப் பிடியுங்கள்

நான் பழகிய தாது ஒடிசாவின் ஜாஜ்பூர் மாவட்டத்தில் இருக்கும் சுகிந்தா பள்ளத்தாக்கினுடையது. குரோமியம் தரும் கறுப்புத் தாதுவான குரோமைட்டில் இந்தியாவின் வளத்தில் பெரும்பகுதி அங்கேதான் கிடக்கிறது. கட்டியாகக் கிடைக்கும் நல்ல தாதுவை நேராக உலைக்கு அனுப்பலாம். ஆனால் கையில் பிசைந்தாலே உதிரும் பழுப்பு நிறத் தாதுதான் பிரச்சினை, அதற்குள் குரோமைட்டோடு கோதைட் (இரும்புக் கனிமம்), கிப்சைட் (அலுமினியக் கனிமம்), களிமண், செர்பன்டைன் (மெக்னீசியச் சிலிக்கேட்), குவார்ட்ஸ் எல்லாம் கலந்து கிடக்கும். பருமனான தானியத்தை, எடை வித்தியாசத்தை வைத்துப் பிரிக்கும் ஸ்பைரலும் (திருகுச் சறுக்கு) ஆட்டு மேசையும் பிரித்துக் கொடுத்துவிடும். அவற்றிடமிருந்து தப்பி டெயிலிங் (கழிவு) குளத்துக்கு ஓடும் நுண்தூளைப் பிடிக்கத்தான் காந்தமும் நுரை மிதப்பும் (ரசாயனம் சேர்த்து, வேண்டிய தானியத்தைக் காற்றுக் குமிழியில் ஒட்டவைத்து மிதக்கவிடுவது) வேண்டியிருக்கிறது, கோளாறு வருவதும் பெரும்பாலும் அங்கேதான்.

கோளாறு என்றதும் எல்லோருடைய கையும் முதலில் ரசாயன வால்வுக்கோ காந்தத்தின் கரன்ட் குமிழுக்கோதான் போகிறது. தயவுசெய்து போகாதீர்கள். நான் பார்த்ததில் பாதிக்கு மேல் "மிதப்புக் கோளாறு" என்று சொல்லப்பட்டவை சேற்றால் வந்தவை, "காந்தக் கோளாறு" என்று சொல்லப்பட்டவை தானியத்துக்குள்ளேயே இருந்தவை. அதனால் எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் மூன்று வேலை செய்யுங்கள்.

ஒன்று, டெயிலிங் மாதிரியைச் சல்லடையில் பிரித்து ஒவ்வொரு அளவுக்கும் தனித்தனியாகக் குரோமியம் ஆக்சைடு பாருங்கள். மொத்த டெயிலிங் 9 சதவீதம் என்ற ஒற்றை எண்ணால் ஒரு உபயோகமும் இல்லை. அந்த 9 எந்த அளவில் உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் கேள்வி.

இரண்டு, உலர்ந்த மாதிரியைத் தாளில் பரப்பி, பழைய ஸ்பீக்கரில் கிடைக்கும் சாதாரண ஃபெரைட் காந்தத்தை பிளாஸ்டிக் உறையில் போட்டு மேலே காட்டுங்கள். எழும்பி ஒட்டுவது மேக்னடைட், அல்லது மேக்னடைட் ஒட்டிய தானியம். பிறகு நியோடிமியம் காந்தத்தை நெருக்கமாகக் கொண்டுபோனால் குரோமைட் மெல்ல நகர்ந்து வரும். இரண்டுக்கும் வராமல் தாளிலேயே கிடப்பது குவார்ட்ஸ், கிப்சைட் மாதிரியான சாமான்.

மூன்று, லென்ஸ். குரோமைட் கறுப்பாக, கொஞ்சம் உலோகப் பளபளப்போடு இருக்கும். சந்தேகம் வந்தால் ஒரு தானியத்தை மெருகில்லாத வெள்ளை ஓட்டில் தேயுங்கள். குரோமைட் பழுப்புக் கோடு போடும், ஹேமடைட் சிவப்பு, கோதைட் மஞ்சள் கலந்த பழுப்பு, மேக்னடைட் கறுப்பு.

கணக்குக்கு ஒரு சூத்திரம் போதும்: ஃபீட் (உள்ளே போகும் தாது), கான்சன்ட்ரேட் (பிரித்தெடுத்த நல்ல பொருள்), டெயிலிங் மூன்றின் குரோமியம் ஆக்சைடு சதவீதத்தை எடுத்து, ஃபீடிலிருந்து டெயிலிங்கைக் கழித்து கான்சன்ட்ரேட்டால் பெருக்கி, அதை ஃபீட் × (கான்சன்ட்ரேட் − டெயிலிங்) என்பதால் வகுக்க வேண்டும். ஃபீட் 20, கான்சன்ட்ரேட் 44, டெயிலிங் 9 என்றால் ரெகவரி, அதாவது உள்ளே போன குரோமில் கைக்கு வந்தது, 69 சதவீதம். மூன்று மாதிரியும் ஒரே நேரத்தில் எடுத்திருந்தால்தான் இந்த எண்ணை நம்பலாம்.

சரி, அறிகுறிகளுக்கு வருவோம்.

டெயிலிங்கில் குரோம் அதிகம் போகிறது

சல்லடைக் கணக்கு இரண்டில் ஒன்றைச் சொல்லும். இழப்பு பருமனான பகுதியில் இருந்தால் தானியம் இன்னும் கழிவோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், லென்ஸில் பாதி கறுப்பு பாதி வெளிறிய துணுக்குகள் தெரியும். அரைப்பை நுணுக்குங்கள், அல்லது நடுப்பொருளை மட்டும் தனியாக மறு அரைப்புக்கு அனுப்புங்கள், முழு ஃபீடையும் சேர்த்து நுணுக்கிவிடாதீர்கள்.

ஆனால் சுகிந்தா மாதிரியான தாதுவில் பெரும்பாலும் நேர் எதிர். இழப்பு 25 மைக்ரானுக்குக் கீழே குவிந்திருக்கும். அதாவது குரோமைட் விடுபட்டபிறகும் நாமே அதைத் தூளாக்கிக்கொண்டிருக்கிறோம். இதற்கு ஒரு காரணம் பலர் கண்ணில் படுவதே இல்லை. எஃகு உருண்டைகளால் அரைக்கும் பால் மில்லுக்குப் பின்னால் ஹைட்ரோசைக்ளோன் (நீரைச் சுழற்றித் தானியத்தைப் பிரிக்கும் கூம்பு) வைத்து, கீழே இறங்குவதைத் திரும்ப மில்லுக்கே விடுகிறோம் இல்லையா, அந்த சைக்ளோன் அளவை மட்டும் பார்த்துப் பிரிப்பதில்லை, எடையையும் பார்க்கிறது. குரோமைட்டின் ஒப்படர்த்தி 4.5-க்கு மேல், செர்பன்டைனுடையது 2.6 சுமார். அதனால் ஏற்கெனவே விடுபட்ட நல்ல சிறு குரோமைட் தானியம், கனமாக இருக்கும் ஒரே காரணத்துக்காக, பருமனான கழிவோடு சேர்ந்து கீழே இறங்கி மறுபடி மில்லுக்குள் போகிறது. மறுபடி அரைபட்டு, மறுபடி இறங்கி, கடைசியில் சேறாகி மேல் வழியே தப்புகிறது. நாம் சம்பாதித்ததை நாமே உரலில் போட்டு இடிப்பதுதான் இது.

தீர்வு மூன்று இருக்கிறது. சைக்ளோனுக்குப் பதில் நுண் சல்லடை வைக்கலாம், அது எடையைப் பார்க்காது. மில்லுக்குத் திரும்பும் ஓட்டத்தில் ஒரு ஸ்பைரலைப் போட்டு விடுபட்ட குரோமைட்டை அங்கேயே எடுத்துவிடலாம். பால் மில்லுக்குப் பதில், எஃகுக் கம்பிகளால் அரைக்கும் ராட் மில் வைத்தாலும் சேறு குறையும். செலவு பார்த்தால் எனக்குப் பிடித்தது இரண்டாவது.

சைக்ளோனின் கீழ் வாயையும் பாருங்கள். நான் இருந்த ஒரு ஆலையில் மூன்று நாள் கலெக்டரையும் (தானியத்தைக் குமிழியில் ஒட்டவைக்கும் ரசாயனம்) பிஎச்-ஐயும் மாற்றி மாற்றிப் போராடினோம், மிதப்பு தேறவே இல்லை. கடைசியில் பார்த்தால் சேறு நீக்கும் சைக்ளோனின் கீழ் வாய் தேய்ந்து அகலமாகி, மேலே போக வேண்டிய களிமண் எல்லாம் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. கீழே வருவது குடை மாதிரி விரிந்து தெளிக்க வேண்டும். அளவுக்கு மீறி அகலமாக, தண்ணீராகக் கொட்டினால் வாய் தேய்ந்திருக்கிறது. கயிறு மாதிரி முறுக்கி விழுந்தால் அடைத்துக்கொண்டிருக்கிறது அல்லது லோடு அதிகம். ரப்பர் வாய் ஒன்றை எப்போதும் கைவசம் வைத்திருங்கள்.

கிரேடு இறங்கிவிட்டது, ஏன் என்று புரியவில்லை

இங்கே ஒரு கணக்கு எனக்கு ரொம்ப உதவியிருக்கிறது. கிரேடை (கான்சன்ட்ரேட்டில் உள்ள குரோமியம் ஆக்சைடு சதவீதம்) மட்டும் பார்க்காமல் குரோம்-இரும்பு விகிதத்தையும் சேர்த்துப் பாருங்கள். உதாரணமாக, சுத்தமான தானியத்துக்குள் குரோமியம் ஆக்சைடு 52 சதவீதம், இரும்பு ஆக்சைடு (FeO) 16 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். தனிமமாக மாற்றினால் குரோமியம் 35.6, இரும்பு 12.4, விகிதம் கிட்டத்தட்ட 2.9. இதில் 10 சதவீதம் குவார்ட்ஸ் கலந்தால் கிரேடு 46.8-க்கு இறங்கும், விகிதம் அப்படியே 2.9. அதே 10 சதவீதம் கோதைட் கலந்தால் கிரேடு அதே 46.8 தான், ஆனால் விகிதம் 1.8-க்குச் சரிந்துவிடும், ஏனென்றால் கோதைட்டில் 63 சதவீதம் இரும்பு.

அதாவது கிரேடு மட்டும் இறங்கினால் எதிரி சிலிக்கேட் அல்லது கிப்சைட். இரண்டும் இறங்கினால் எதிரி இரும்பு. இந்த இரண்டுக்கும் மருந்து வேறு வேறு, கலக்காதீர்கள்.

சிலிக்கேட் என்றால் அது ஒட்டிய துணுக்காக வருகிறதா, நீரோடு அடித்துவரப்பட்ட தூளாக வருகிறதா என்று கான்சன்ட்ரேட்டைச் சல்லடையில் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். தூளாக வந்தால் காந்தத்தில் கழுவும் நீரைக் கூட்டுங்கள், மிதப்பில் நுரையின் உயரத்தைக் கூட்டி நுரை மேல் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள், ஸ்லரியை (தாதுவும் நீரும் கலந்த குழம்பு) நீர்க்க வையுங்கள். பெரும்பாலும் இதிலேயே சரியாகிவிடும்.

கிரேடு பரவாயில்லை, விகிதம்தான் ஏறவே மாட்டேன் என்கிறது

அதிக நேரம் வீணாவது இதில்தான். முதலில் ஒரு உண்மையை ஏற்றுக்கொள்ள வேண்டும்: இரும்பும் குரோமியமும் ஆக்சிஜனும் மட்டுமே உள்ள தூய குரோமைட்டில் ஆக்சைடு 68 சதவீதம் இருக்கும், ஆனால் அதன் விகிதம் வெறும் 1.86. இரும்பு இருக்க வேண்டிய இடத்தில் மெக்னீசியம் உட்கார்ந்திருந்தால்தான் விகிதம் ஏறும். குரோமியத்தின் இடத்தை அலுமினியமோ மூன்று மின்னூட்ட இரும்போ பிடித்திருந்தால் கிரேடு இறங்கும். இதெல்லாம் தானியம் உருவானபோதே படிகத்துக்குள் முடிவானவை, எந்தக் காந்தமும் எந்த நுரையும் அதை மாற்றாது. நம் நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் இருக்கும் குரோமைட் இப்படித்தான், இரும்பும் அலுமினாவும் தானியத்துக்குள்ளேயே அதிகம். அதை என்னதான் கழுவினாலும் சுகிந்தாவின் நல்ல தாது மாதிரி ஆகாது.

அதனால் லென்ஸில் பொறுக்கிய சுத்தமான தானியங்களை மட்டும் ஆய்வுக்கு அனுப்பி, அதன் விகிதம் என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். அதுதான் உங்கள் உச்சவரம்பு. தானியம் 2.9 கொடுத்து, ஆலை 1.8 கொடுத்தால் வேலை செய்ய இடம் இருக்கிறது. தானியமே 1.9 என்றால் நிறுத்திவிட்டு வாங்குபவரிடம் பேசுங்கள்.

இடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஃபெரைட் காந்தத்துக்கு நிறைய ஒட்டினால் வேலை சுலபம், குறைந்த வலிமை டிரம் காந்தத்தை முன்னால் வைத்து மேக்னடைட்டை முதலில் எடுத்துவிடுங்கள். 0.1 டெஸ்லா பக்கம் தொடங்கி, எடுத்ததை ஆய்வு செய்துகொண்டே மேலே போங்கள். ஒரு பொறி இருக்கிறது: சில தாதுவில் குரோமைட் தானியத்தின் விளிம்பு சிதைந்து, மெக்னீசியமும் அலுமினியமும் வெளியேறி, இரும்பு மிகுந்த ஒரு தோல் போர்த்தியிருக்கும். அந்தத் தோலுக்காக முழுத் தானியமும் டிரம்மில் ஒட்டிக்கொண்டு கழிவுக்குப் போய்விடும். டிரம் எடுத்ததில் குரோமியம் ஆக்சைடு அதிகம் தெரிந்தால் காரணம் இதுதான், அல்லது மேக்னடைட் கொத்துக்குள் குரோமைட் மாட்டியிருக்கிறது. டிரம்முக்கு முன்னால் ஒரு காந்தநீக்கச் சுருளைப் போட்டுப் பாருங்கள். கொத்து கலைந்து சரியானால் மாட்டியிருந்தது, சரியாகாவிட்டால் தோல்.

எதிரி கோதைட் என்றால் கஷ்டம். குரோமைட்டும் கோதைட்டும் காந்தத்துக்குக் காட்டும் இழுப்பு ஒன்றோடொன்று மேற்கவிந்து கிடக்கிறது, அதனால் உயர் வலிமைக் காந்தத்தில் கரன்டைக் கூட்டினால் இரண்டும் சேர்ந்து வரும், குறைத்தால் இரண்டும் சேர்ந்து போகும். குமிழைத் திருப்பித் திருப்பி நாள் கழிப்பதைவிட, கோதைட் மென்மையானது என்பதைப் பயன்படுத்துங்கள். அரைப்புக்கு முன் அடர்த்தியான ஸ்லரியில் தானியங்களை ஒன்றோடொன்று உரசவிட்டு, உதிர்ந்த மஞ்சள் சேற்றைக் கழுவிவிட்டாலே கணிசமாகக் குறையும். அதற்கும் மேல் வேண்டுமென்றால் ஒடுக்க வறுப்பு இருக்கிறது: நிலக்கரியோடு சூடாக்கி கோதைட்டை மேக்னடைட்டாக மாற்றி, காற்று படாமல் ஆறவைத்து, குறைந்த வலிமைக் காந்தத்தில் எடுத்துவிடலாம், அந்த வெப்பத்தில் குரோமைட் பெரிதாக மாறாது. வேலை செய்யும் வழிதான், ஆனால் எரிபொருள் செலவைத் தாங்குமா என்று முதலில் கணக்குப் போடுங்கள்.

காலையில் நன்றாக ஓடிய காந்தம் மதியத்துக்கு மேல் சோர்ந்துவிடுகிறது

சுருள் சூடாகிறது. தாமிரத்தின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் 0.39 சதவீதம் ஏறும், 20 டிகிரியிலிருந்து 70-க்குப் போனால் கிட்டத்தட்ட 20 சதவீதம். மின்னழுத்தம் மாறாமல் இருந்தால் கரன்ட் ஆறில் ஒரு பங்கு விழுந்துவிடும், காந்தப்புலமும் அதோடு விழும். குளிர்விக்கும் நீர் ஓடுகிறதா, குழாயில் உப்புப் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். பேனலில் வோல்ட்டைப் பார்க்காமல் ஆம்பியரைப் பாருங்கள், முடிந்தால் காந்தப்புலத்தை அளக்கும் காஸ்மீட்டரை இடைவெளியில் வைத்தே அளந்துவிடுங்கள்.

ஆம்பியர் சரியாக இருந்தும் குரோமைட் தப்பினால் உள்ளே இருக்கும் மேட்ரிக்ஸைக் (தானியம் ஒட்டுவதற்கான இரும்பு வலை அல்லது தகடுகள்) கழற்றிப் பாருங்கள். முன்னால் டிரம் காந்தம் இல்லாமல் நேராக உயர் வலிமைக் காந்தத்துக்கு விட்டால், மேக்னடைட்டும் மில்லிலிருந்து தேய்ந்து வரும் இரும்புத் துணுக்கும் கரன்டை நிறுத்தினால்கூட விடாமல் உள்ளே ஒட்டிக்கொள்ளும். மரச் சிம்பு, சாக்கு நார், துரு எல்லாம் அதில் மாட்டி இடைவெளி அடைந்துவிடும். அடைந்த மேட்ரிக்ஸில் நீர் ஒரே சந்தில் வேகமாகப் பாயும், அந்த வேகத்தில் காந்தம் எதையும் பிடிக்க முடியாது. முன்னால் ஒரு சல்லடை, அதற்குப் பின் ஒரு டிரம், இந்த இரண்டும் இல்லாமல் உயர் வலிமைக் காந்தத்தை ஓட்டாதீர்கள்.

நுரை சேற்று நிறத்தில் வருகிறது, கலெக்டர் எவ்வளவு ஊற்றினாலும் போதவில்லை

மிதப்பில் நீங்கள் பார்க்கப்போகும் கோளாறுகளில் முக்கால்வாசி இதுதான். காரணத்தைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. காரப் பக்கம் போகும்போது குரோமைட்டின் மேற்பரப்பு எதிர்மின்னாக இருக்கும், ஆனால் செர்பன்டைன் பிஎச் 9, 10 வரைகூட நேர்மின்னாகவே இருக்கும். எதிரெதிர் மின்னூட்டம் இழுத்துக்கொள்ளும், அதனால் செர்பன்டைன் சேறு குரோமைட் மேல் மாவு பூசினாற்போல் ஒட்டிக்கொள்கிறது. கலெக்டருக்குத் தெரிவது அந்தப் பூச்சுதான், குரோமைட் இல்லை. அதோடு நுண்தூளுக்கு மேற்பரப்பு அதிகம் என்பதால் ஊற்றும் கலெக்டர் முழுவதையும் அதுவே குடித்துவிடும்.

ஒரு எளிய சோதனை. ரசாயனம் கலக்கும் கண்டிஷனர் தொட்டியிலிருந்து ஸ்லரி எடுத்து, நன்றாக நீர்க்கவைத்து, உயரமான கண்ணாடிக் குவளையில் கலக்கி வைத்துவிட்டு 5 நிமிடம் காத்திருங்கள். மேலிருந்து 10 சென்டிமீட்டர் வரை தெளிந்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் 20 மைக்ரான் செர்பன்டைனும் 13 மைக்ரான் குரோமைட்டும் அந்த ஆழத்தைத் தாண்டி இறங்கியிருக்கும், இன்னும் கலங்கலாக நிற்பது அதைவிட நுண்ணிய சேறு. இதே குவளையில் சில துளி சோடியம் சிலிக்கேட் விட்டுக் கலக்கி மறுபடி வையுங்கள். முன்பைவிட அதிக நேரம் கலங்கலாக நின்று, அடியில் கறுப்புத் தானியம் மட்டும் சுத்தமாகப் படிந்தால் நல்ல செய்தி, பூச்சு கழன்றுவிட்டது.

மருந்தின் வரிசை முக்கியம். முதலில் சேறு நீக்கம், பிறகு பிஎச், பிறகு சேற்றுப் பூச்சைக் கழற்றும் சோடியம் சிலிக்கேட் அல்லது சிஎம்சி (கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ்), கடைசியில்தான் கலெக்டர். கலெக்டரைப் போட்டுவிட்டு அப்புறம் சிலிக்கேட் போட்டால் பூச்சோடு சேர்த்து ஒட்டியதைப் பிரிக்கவே முடியாது. சிலிக்கேட்டும் அளவோடுதான், கூடினால் குரோமைட்டையே அமுக்கிவிடும். சேறு நீக்கும்போது கொஞ்சம் குரோமைட்டும் போகத்தான் செய்யும், மனதுக்குக் கஷ்டமாக இருக்கும், ஆனால் அதைக் காப்பாற்றப்போய் மீதி எல்லாவற்றையும் இழக்கிறோம்.

பிஎச்-ஐ 10-க்கு மேல் தூக்கினால் செர்பன்டைனிலிருந்து கரைந்த மெக்னீசியம் ஹைட்ராக்சைடாகப் படிந்து எல்லாத் தானியத்தையும் ஒரே மாதிரி போர்த்திவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். சுண்ணாம்பால் தூக்குவது இன்னும் மோசம், சோடா (சோடியம் கார்பனேட்) அல்லது காஸ்டிக் (சோடியம் ஹைட்ராக்சைடு) போடுங்கள்.

நுரை வரவில்லை, தயிர் திரிந்த மாதிரி வெள்ளைத் துணுக்கு மிதக்கிறது

உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இங்கே நடப்பதும் அதுவே. கலெக்டராகப் போடும் சோடியம் ஒலியேட் ஒரு சோப்புதான், நீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் அதைப் பிடித்துக் கரையாத துணுக்காக்கிவிடுகிறது. டெயிலிங் குளத்திலிருந்து திரும்ப வரும் நீரில் ஒவ்வொரு சுற்றுக்கும் இந்த உப்பு ஏறிக்கொண்டே போகும், ஆய்வுக்கூடத்தில் நல்ல நீரில் அருமையாக வந்த சோதனை ஆலையில் படுத்துவிடுவதற்கு இதுதான் முதல் சந்தேகம். மிதப்புக்கு மட்டும் புது நீர் விடுங்கள், இல்லையென்றால் சோடா போட்டுக் கடினத்தைக் குறையுங்கள். குளிர்காலத்து அதிகாலையில் மட்டும் வருகிறதென்றால், ஒலியிக் அமிலத்தை நேரடியாகப் போடுகிறீர்களா என்று கேட்பேன். 13, 14 டிகிரியில் அது உறைந்துவிடும்.

நுரை உடையவே மாட்டேன் என்கிறது, தொட்டி வழிகிறது

கழிவு குவார்ட்ஸாக இருந்து, குரோமைட்டுக்குப் பதில் அதையே அமின் என்ற கலெக்டர் போட்டு மிதக்கவிடும் வரிசையில் வருவது இது. அளவு கூடிவிட்டது. ஒரே இடத்தில் மொத்தமாக ஊற்றாமல் ஒவ்வொரு செல்லிலும் (மிதப்புத் தொட்டி) கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். அமினை அசிட்டிக் அமிலத்தில் கரைத்த பிறகுதான் போட வேண்டும், சரியாகக் கரையாத அமின் கட்டியாகக் கிடந்து தாமதமாக வேலை காட்டும்.

திரும்ப வரும் நீர் மஞ்சளாக இருக்கிறது

இதைப் பார்த்தால் மற்ற எல்லா வேலையையும் விட்டுவிடுங்கள். அது ஆறு மின்னூட்டக் குரோமியமாக இருக்கலாம், புற்றுநோய் உண்டாக்கும் நச்சு அது. தாதுவில் இருக்கும் மூன்று மின்னூட்டக் குரோமியம், மாங்கனீஸ் ஆக்சைடு சேர்ந்த இடத்தில் மெதுவாக இப்படி மாறும், காரத்தன்மையும் காற்றும் சேர்ந்தால் மாறியது நீரிலேயே தங்கும். நாம் மிதப்புக்காக வைத்திருக்கும் உயர் பிஎச் அதற்கு வசதியான இடம். குடிநீரில் மொத்தக் குரோமியத்துக்கு இந்தியத் தர வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம், ஆறு மின்னூட்டக் குரோமியத்தை ஆற்றில் விட வரம்பு 0.1. அதனால் கண்ணுக்கு மஞ்சள் தெரிகிற அளவுக்கு நீர் வந்தால் அது இவற்றைப் பல மடங்கு தாண்டியது. சுகிந்தாவில் தம்சாலா ஓடை பள்ளத்தாக்கு வழியே ஓடி பிராமணி ஆற்றில் சேர்கிறது, கீழே ஊர்கள் இருக்கின்றன, அந்த நீரில் குழந்தைகள் குளிக்கிறார்கள்.

நீரை வெளியே விடும் மதகை உடனே மூடுங்கள். டைஃபீனைல் கார்பசைடு சோதனை செய்யுங்கள், ஊதா கலந்த இளஞ்சிவப்பு வந்தால் உறுதி. பிஎச்-ஐக் குறைத்து ஃபெரஸ் சல்பேட் போட்டுக் கலக்கினால் அது மூன்று மின்னூட்டத்துக்கு இறங்கும், பிறகு பிஎச்-ஐ 8 பக்கம் தூக்கினால் ஹைட்ராக்சைடாகப் படியும். படிந்ததைத் தனிக் குழியில் அடைத்துவையுங்கள், டெயிலிங் குளத்தில் கொட்டாதீர்கள். தெளிந்த நீரை மறுபடி சோதித்து, நிறம் வராத மூன்று மாதிரி வரிசையாகக் கிடைத்த பிறகே மதகைத் திறவுங்கள். அதுவரை ஆட்கள் அந்த நீரில் கையுறை இல்லாமல் கை வைக்கக் கூடாது, கலெக்டர் கலக்குபவரும் சேர்த்துத்தான்.